கம்பி ஏற்றும் நாள்

சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை மத்தியானம், கில்பர்ட்டின் பட்டறையில், தனக்காக அவன் பாதி செய்து வைத்திருந்த கிட்டாருக்குள் குனிந்து என் மகள் ஜெர்லின் மூன்று பாட்டுப் பாடினாள். அவள் பாடி முடித்ததும் அவன் பின்பலகையை ஒட்டி மூடினான். குரல் உள்ளேயே இருந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான். எங்கள் மாங்குழிவிளையில் யாரைக் கேட்டாலும் இதைச் சாதாரணமாகத்தான் சொல்வார்கள், இன்ன வருஷம் இன்னார் வீட்டு மாமரம் விழுந்தது என்று சொல்வதைப்போல. அதற்குப் பிறகு ஊர் செய்ததையும், ஊரோடு சேர்ந்து நான் செய்ததையும் மட்டும் சொல்லமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

கில்பர்ட் வேலை செய்யும் விதம் அப்படி. முதலில் கோயிலுக்கு பெஞ்சும் வீடுகளுக்கு ஜன்னலும் செய்துகொண்டிருந்தவன், கோவாவுக்குப் போய் ஆறு வருஷம் ஒரு கிட்டார் பட்டறையில் இருந்துவிட்டு வந்து, ரேஷன் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டான். பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் கார் எடுத்து வந்து சொல்லிவிட்டுப் போய், மாசக்கணக்கில் காத்திருப்பார்கள். வாசிக்கப்போகிறவரின் இடது கையைப் பழுப்புத் தாளில் வைத்து வரைந்து அவன் கிட்டார்க் கழுத்தின் அகலத்தை முடிவு செய்வான். பிறகு பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவரையே கூப்பிட்டு உள்ளே பாடச் சொல்லி, பாடும்போது முகப்புப் பலகைமேல் விரலை வைத்துக்கொண்டு, மரம் எங்கே விறைத்து நிற்கிறது என்று பார்த்து, உள்பக்கம் விலா எலும்பு மாதிரி ஒட்டியிருக்கும் சட்டங்களை அங்கங்கே சீவுவான். மற்றவர்கள் வெட்கப்பட்டு ஒரு வரி முணுமுணுத்துவிட்டு வந்துவிடுவார்கள். என் மகளுக்கு எதிலும் கொஞ்சம் என்பது கிடையாது. ஒரு மாதா பாட்டு, ஒரு தாலாட்டு, அவளே கட்டிய ஒரு பாட்டு, மூன்றையும் முழுசாக, மூச்சு வாங்காமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். போதும் பிள்ளே, போதும் என்று நான் வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் சொல்லி அவள் எதைக் கேட்டாள்?

வீட்டுக்கு வந்து சோறு கேட்க வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மறுநாள் காலையில் பட்டறைக்கு ஓடினேன். கில்பர்ட் பெட்டியைச் சுற்றிக் கவ்விகள் போட்டு இறுக்கி வைத்திருந்தான்.

“உள்ளயாக்கும் கிடக்கு அக்கா. காதை வச்சுக் கேளுங்க” என்றான்.

வைத்தேன். அடுத்த வீட்டில் யாரோ குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது. என் மகள்தான்.

“பின்ன எடுத்துக் குடு.”

“இப்ப பலகையை இளக்கினா பாதிதான் வரும். மீதி பசையில ஒட்டிக்கிடும். பாதிக் குரலை வச்சு அவ என்ன செய்வா?”

“அந்த ஓட்டை வழியா வராதா?”

“வாசல் திறந்துகிடந்தாலும் உறங்குகவங்க எழும்பி வருவாங்களா? மரம் நல்லா அதிரணும். கம்பி ஏத்தி, அவளே முதல் தட்டுத் தட்டினா எழும்பி வந்திரும்.”

“கம்பி எப்ப ஏத்துவே?”

“ஈஸ்டருக்கு.”

அவன் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. கல்யாண வீட்டில் பாத்திரம் மாறிப் போய்விட்டது, நாளைக்கு வாங்கிக்கலாம் என்று சொல்கிறவன் முகம்.

நாகர்கோவிலில் தொண்டை டாக்டரிடம் காட்டினேன். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை நன்றாக இருக்கிறது, ஆள்தான் வீட்டில் இல்லை என்றார். அவள் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நர்சரிப் பள்ளியில் ஈஸ்டர் வரைக்கும் லீவு என்றார்கள். பெரிய வியாழக்கிழமை கோயிலில் அவள் தனியாகப் பாட வேண்டிய பாட்டை, பாடகர் குழுவை நடத்தும் வின்சென்ட் சார் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார். ஜெர்லின் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சின்ன சிலேட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு, உப்பு தீர்ந்துவிட்டது, கேஸ் வரவில்லை, தலை வலிக்கிறது என்று எழுதிக் காட்டுவாள். இருபத்துமூன்று வயசுப் பெண். காலையில் எழுந்ததும் சமையலறையில் பாடுவாள், பல் தேய்க்கும்போது பாடுவாள், நான் திட்டும்போதுகூட மெல்லப் பாடுவாள். வீட்டுக்காரர் கடல் தாண்டி வேலைக்குப் போய்த் திரும்பி வராமல் போன பதினாலு வருஷமாக அந்தச் சத்தத்தைத்தான் நான் ஆம்பிளைத் துணையாக வைத்திருந்தேன். இப்போது வீட்டில் குக்கர் விசில் மட்டும்தான்.

முதலில் ஊர் பரிதாபப்பட்டது. பிறகு ஒருநாள் பிலோமி வந்தாள்.

பிலோமி என் வீட்டுக்காரரின் தங்கை. வந்தால் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு போவாள், தட்டு திரும்பாது. அன்றைக்குப் புளி குத்த வந்தவள், பின்வாசலில் ஜெர்லினோடு உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்தாள். எடுத்துக்கொண்டே பேசினாள், பேசிக்கொண்டே அழுதாள், அழுது முடித்து முகத்தைக் கழுவி எழுந்தபோது பத்து வயசு குறைந்தவள் மாதிரி இருந்தாள்.

“மயினி, ஒங்க மவகிட்ட ஒரு விசயம் சொன்னேன். நெஞ்சில இருந்து அம்மிக்கல்லை எடுத்து வச்ச மாதிரி இருக்கு.”

“என்ன விசயம்?”

“அதை ஒங்ககிட்ட சொன்னா மூணாம் நாள் ஊருக்கே தெரியாதா?” என்று சிரித்துவிட்டு, அன்றைக்கும் ஒரு தட்டோடு போனாள்.

பிலோமிக்கு ஒன்று தெரிந்தால் அன்பியம் முழுவதுக்கும் தெரியும். எங்கள் தெருவில் அன்பியம் என்றால் முப்பது வீடு. வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி, சுண்டல் தின்று, அடுத்தவர் வீட்டு விஷயத்தைச் செபக் கருத்தாக வைத்துப் பேசுகிற கூட்டம். தவக்காலம் வேறு. பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டிய காலம். கோயிலில் சாமியாரிடம் சொன்னால் அவர் புத்தி சொல்வார், செபமாலை சொல்லச் சொல்வார், வெளியே வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். அவர் கண்ணைப் பார்க்கக் கூசும். என் மகள் புத்தி சொல்லவில்லை, கண்ணை அகற்றவுமில்லை. முதல் சனிக்கிழமை நாலு பேர் வந்தார்கள், அடுத்த சனிக்கிழமை பதினொரு பேர், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை பின்வாசலிலிருந்து வாழைத்தோட்டம் வரைக்கும் வரிசை நின்றது. யாரோ கோயிலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார்கள், யாரோ வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள், யாரோ என்னைக் கேட்காமலே என் அடுப்பில் கட்டன்சாயா போட்டார்கள்.

பேச முடியாத பெண்ணை இவர்கள் கோயில் மாடத்துச் சுரூபமாக்கிவிட்டார்கள். அந்தோணியார் முன்னால் நின்று எதையும் சொல்லலாம், அந்தோணியார் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார், அந்தப் பழக்கம்தான். ஒருத்தி மெழுகுவர்த்தி கொண்டுவந்து ஜெர்லின் காலடியில் ஏற்றிவிட்டுப் போனாள். ஜெர்லின் அதை ஊதி அணைத்து, கரண்ட் போனால் ஆகும் என்று எடுத்து வைத்தாள்.

நான் சமையலறையில் நின்று கேட்கவில்லை. கேட்டாலும் அரைகுறையாகத்தான் கேட்டது. ஒருவன் எல்லைக்கல்லை ஒரு முழம் நகர்த்தியிருந்தான். ஒருத்தி மாமியார் மாத்திரையை நாலு மாசமாகக் கிணற்றில் போட்டிருந்தாள். வின்சென்ட் சார் இருபது வருஷமாக வேறொருவர் கட்டிய மெட்டுகளைத் தன் மெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாமியார் இரண்டு ஞாயிறு பிரசங்கத்தில் பின்வாசல் பக்தியைக் கண்டித்துப் பேசினார்; மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவரும் வந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

பெண் கேட்டும் வந்தார்கள். அதுவரை, பாடிக்கொண்டு திரிகிற பெண், தகப்பன் ஓடிப்போன வீடு என்று முகம் திருப்பியவர்கள். “அடக்கமான பிள்ளை” என்றார்கள். மூன்று வீட்டார். ஜெர்லின் ஒவ்வொருவருக்கும் சிலேட்டில், ‘கம்பி ஏற்றிய பிறகு வாருங்கள்’ என்று எழுதிக் காட்டினாள். ஒருவரும் பிறகு வரவில்லை.

ஈஸ்டர் வந்தது, போனது. பசை சரியாகக் காயவில்லை என்றான் கில்பர்ட். மே மாசம் கழுத்தை ஒட்டினான். ஜூனில் மழை பிடித்தது. அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்துத் தேய்த்துப் பாலீஷ் ஏற்றுவது அவன் முறை, ஈரக்காற்றில் தேய்த்தால் பால் மாதிரி வெளுத்துவிடும், அதனால் மழை விடட்டும் என்றான். நான் தினமும் வானத்தைத் திட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை பட்டறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கிட்டார் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும், உரித்த கோழி மாதிரி. காதை வைப்பேன். தண்ணீர்ச் சத்தம் இருக்கும். திரும்பி வந்து மகளிடம், இருக்கு மக்ளே, இருக்கு என்பேன். அவள் சிலேட்டில் ஒரு கோடு போடுவாள். அதற்குள் அவள் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. ஊர்க்காரர்களின் முகம் தெளியத் தெளிய அவள் முகம் கனத்துக்கொண்டே வந்தது. அதை நான் பார்த்தேன், பார்த்தும் வரிசையைக் கலைக்கவில்லை. தகப்பன் ஓடிப்போன வீட்டுக்கு இத்தனை பேர் தலை குனிந்து வருவது எனக்கும் ருசியாகத்தான் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

செப்டம்பரில் வெயில் வந்தது. அன்பியக் கூட்டம் அந்த வாரம் கில்பர்ட் வீட்டில். செபம் முடிந்து சுண்டல் வரும்போது, ஜெர்லின் சிலேட்டில் எழுதிக் கேட்டாள். கில்பர்ட் வாயில் சுண்டலோடு சொன்னான்:

“பாலீஷ் ஆச்சு. இனி கம்பி மட்டுந்தான். பத்து நாள்.”

முப்பது வீட்டாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். குரல் போயிருக்கிறது என்றால் ஒருநாள் வரும் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுரூபம் இறங்கி நடந்துவந்து சுண்டல் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி எல்லாரும் என் மகளைப் பார்த்தார்கள். பிலோமிதான் முதலில் பேசினாள்.

“நல்ல காரியம். அதுக்கு முன்ன நான் ஒரு நேர்ச்சை நேர்ந்திருக்கேன் மயினி. கிட்டார் தலையில ஒரு சிலுவை, சிப்பியில பதிக்கணும். பிள்ளைக்க குரலுக்காகவாக்கும்.”

நேர்ச்சையை மறுக்க எங்கள் ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. சிலுவை பதிக்க மூன்று வாரம். வின்சென்ட் சார் ஓட்டையைச் சுற்றித் திராட்சைக்கொடி பதிக்க நேர்ந்துகொண்டார். மாத்திரையைக் கிணற்றில் போட்டவள் புறா நேர்ந்துகொண்டாள். எல்லைக்கல்காரன் பின்பலகையில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்றான். சாமியார், கிட்டாரை மறைமாவட்ட ஆயர் ஆசீர்வதித்து மந்திரித்த பிறகு வாசிப்பதுதான் முறை, ஆயர் டிசம்பரில்தான் வருகிறார் என்றார்.

“இது கிட்டாரா, தேரா?” என்று கில்பர்ட் கத்தினான். “இத்தனையும் பதிச்சா சத்தம் வராது, சப்பரமாட்டு நாலு பேரு தூக்கணும்.”

ஆனாலும் சிலுவையைப் பதித்தான், கொடியைப் பதித்தான். அவனும் இந்த ஊரில்தானே இருக்க வேண்டும்.

நான் பிலோமியைத் தெருவில் வைத்துப் பிடித்தேன்.

“ஒனக்க நேர்ச்சையும் நீயும். எனக்க பிள்ளை வாய் திறக்கப்பிடாது, அவ்வளவுதானே?”

“மயினி, சத்தம் போடாதுங்க.”

“போடுவேன். பயந்து சாவுகியா? அப்படி என்னட்டி செய்தே?”

“நான் செய்ததை நான் சொல்லியாச்சு” என்றாள் அவள், என்னை மேலும் கீழும் பார்த்து. “நீங்க சொல்லியாச்சா?”

அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஊரே சொல்லிவிட்டது. பெற்றவள் நான் மட்டும் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் ஒன்று இருந்தது.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மத்தியானம். மழை இருட்டிக்கொண்டு நின்றதால் யாரும் வரவில்லை. ஜெர்லின் பின்வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே போய், மற்றவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், நீயுமா என்று இருந்த மாதிரிப் பட்டது. எனக்குத்தான் அப்படிப் பட்டதோ என்னவோ. சொல்லத் தொடங்கிவிட்டேன். தொடங்கினால் நிற்காது என்று அப்புறம்தான் தெரிந்தது.

அவளுக்குப் பதினேழு வயசில் நாகர்கோவிலில் ஒரு பாட்டுத் தேர்வு நடந்தது. சென்னையில் உள்ள இசைக்கல்லூரிக்கு ஆள் எடுத்தார்கள். போய்ப் பாடிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் தபால்காரரை வாசலில் நிறுத்தி, எனக்கு ஏதாவது இருக்கா மாமா என்று கேட்டாள், ஒரு வருஷம் முழுக்கக் கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டு நர்சரிப் பள்ளிக்குப் போனாள். கடிதம் வந்திருந்தது. முதல் மாசமே வந்தது. நான் எட்டாம் கிளாஸோடு நின்றவள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். விடுதியும் கொடுப்பார்கள், சாப்பாடும் கொடுப்பார்கள், ஜூலை மாசம் வந்து சேர வேண்டும் என்று இருந்தது. அதை மடித்து அரிசிப் பானைக்குக் கீழே தீயில் வைத்தேன். அன்றைய சோற்றை அவள்தான் முதலில் சாப்பிட்டாள். ஒருவர் போய்த் திரும்பி வராத வீட்டில் இன்னொருவரையும் பஸ் ஏற்றிவிட எனக்குத் திராணி இல்லை என்று சொன்னேன். நீ போய்விடுவாய் என்று பயந்தேன் என்று சொன்னேன். ஒரு தடவையல்ல, நாலைந்து தடவை.

அவள் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். சட்டி நிறைந்தது. கையைக் கழுவினாள், துணியில் துடைத்தாள், சிலேட்டை எடுத்தாள். எழுதி என் பக்கம் திருப்பினாள்.

‘கம்பி ஏற்றட்டும்.’

இரண்டே வார்த்தை. பிலோமிக்கு வந்த இளைப்பாறுதல் எனக்கு வரவில்லை. எழுத்தாக இருந்தால் துடைத்துவிடலாம், கிழித்துவிடலாம். குரலை என்ன செய்வது? எட்டு மாசம் மரத்துக்குள் கிடந்து ஊறிய குரல் வெளியே வந்து முதலில் என்ன சொல்லும் என்று நினைத்து அன்று முழுவதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊருக்கு முன்னால் சொல்வாள். கோயிலில் சொல்வாள். சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவாள்.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனேன். கிட்டார் மேசைமேல் கிடந்தது. புறாவையும் அப்போஸ்தலர்களையும் கில்பர்ட் கடைசியில் மறுத்துவிட்டிருந்தான். ஈட்டி மரம் கருஞ்சிவப்பாக மின்னியது. பக்கத்தில் ஆறு கம்பிகள் உறையில் இருந்தன.

“வாங்க அக்கா. இன்னைக்கு சாயங்காலம் ஏத்திரலாம். மந்திரிக்கது எல்லாம் பொறவு பாத்துக்கலாம். பிள்ளையை வரச் சொல்லுங்க.”

“தம்பி,” என்றேன், “அந்தக் கழுத்து அளவு தப்பு.”

“என்ன தப்பு?”

“நீ கையை வரைஞ்ச அன்னைக்கு அவளுக்கு இடது கையில குளவி கொட்டியிருந்து. வீங்கியிருந்து. அவ சொல்லல்ல, எனக்குத் தெரியும். அந்த வீக்கத்தையாக்கும் நீ வரைஞ்சே.”

குளவியும் கொட்டவில்லை, ஒன்றும் கொட்டவில்லை. அவன் பழுப்புத் தாளை எடுத்துப் பார்த்தான், கிட்டார் கழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மற்றவர்கள் வந்து நேர்ச்சை என்றபோது கத்தியவன், நான் சொன்னபோது கத்தவில்லை. பெற்றவள் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

“அகலம் குறைக்கணும்ணா புதுக் கழுத்து வைக்கணும் அக்கா. ரெண்டு மாசம் ஆவும்.”

“ஆவட்டும். கைக்கு நல்லா அமையாண்டாமா?”

“நீராவி குடுத்துக் கழத்தணும். மரம் தாங்குமோ என்னவோ.”

“கழுத்தைத்தானே கழத்துகே? வயித்தை இல்லையே?” என்றேன். எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் எனக்குப் பயம். குரல் வயிற்றில் இருக்கிறது, கழுத்தில் கை வைத்தால் அதற்கு என்ன வந்தது என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, அளவில் ஏதோ பிழையாம், அவனே சொன்னான் என்றேன். ஜெர்லின் சிலேட்டை எடுக்கவே இல்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றையும் உதறி உதறிப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கில்பர்ட் கெட்டிலிலிருந்து குழாய் வைத்துக் கழுத்துப் பொருத்தில் நீராவி விட்டான். அரைமணி நேரம் விட்டு, கழுத்தைப் பிடித்து அசைத்து இழுத்திருக்கிறான். தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தத்தோடு கழன்றதாம். பெட்டி முழுவதும் அதிர்ந்ததாம். வெந்து, அதிர்ந்து, குரல் எழும்பிவிட்டது. கம்பியும் இல்லை, கூப்பிட்டு வாங்கிக்கொள்ள எதிரில் ஒரு வாயும் இல்லை. கொட்டகைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக வெளியே வந்துவிட்டது.

நாங்கள் எல்லாரும் கேட்டோம். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள், கோயிலில் பூ மாற்றிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். முதலில் மாதா பாட்டு, ஓட்டு வீடுகளுக்கு மேலே, இன்னும் ஓர் ஆள் உயரத்தில், பாடிக்கொண்டே வந்தது. பிலோமி வாசலுக்கு ஓடிவந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வின்சென்ட் சார் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாரும் காத்திருந்தார்கள், இப்போது சொல்லும், இப்போது எல்லைக்கல் வரும், மாத்திரை வரும், என் கடிதம் வரும் என்று நானும் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தாலாட்டு வந்தது. முழுசாக, மூச்சு வாங்காமல். அதற்குப் பிறகு அவளே கட்டிய பாட்டு. அவ்வளவுதான் அதற்குள் இருந்தது. உள்ளே போனபோது என்ன பாடிக்கொண்டிருந்ததோ அதைத்தான் அது பாடியது. நாங்கள் சொன்ன ஒரு சொல்கூட அதற்குத் தெரியாது. எட்டு மாசமாக நாங்கள் கொட்டியதெல்லாம் பின்வாசலில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குள்தான் கிடந்தது. அவள் நினைத்திருந்தால் என்றைக்கோ சிலேட்டில் எழுதியிருக்கலாம்.

ஜெர்லின் ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் மழையைக் குடிக்க ஓடுகிற மாதிரி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு ஓடினாள். தெரு முழுக்க ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நானும் பின்னால் ஓடினேன். எனக்கு மூச்சு வாங்கியது. பைபாஸ் ரோட்டில் அவள் நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பாட்டு ரோட்டைத் தாண்டி வடக்கே, நாகர்கோவில் பக்கமாக, பஸ் போகிற வழியாகப் போனது. கடைசி வரியும் முடிந்தது. அதற்கப்புறம் லாரிச் சத்தம்தான்.

“நல்லா பாடுகா என்னா?” என்று பஸ் ஸ்டாப்பில் நின்ற வெளியூர்க்காரி ஒருத்தி என்னிடம் சொன்னாள். “யாரு பிள்ளை?”

வியாழக்கிழமை சாயங்காலம் கில்பர்ட் கிட்டாரை வெள்ளைத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். பழைய கழுத்தையே திரும்ப ஒட்டி, கம்பி ஏற்றியிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. ஜெர்லினிடம் நீட்டினான். அவள் இடது கையால் கழுத்தைப் பிடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றும் அது அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தன, அவளோடு பிறந்தது மாதிரி.

“குளவி கொட்டின கையா இது?” என்றான் கில்பர்ட், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜெர்லின் என்னைப் பார்த்தாள். பிறகு கம்பியில் முதல் தட்டுத் தட்டினாள். அவ்வளவு நல்ல சத்தத்தை எங்கள் ஊர் அதுவரை கேட்டதில்லை. வாயைத் திறந்து பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அவள் பஸ் ஏறவில்லை. ஏறியிருந்தால்கூட எனக்கு ஒரு கணக்கு முடிந்திருக்கும். இங்கேதான் இருக்கிறாள். சமைக்கிறாள், துவைக்கிறாள், கிட்டார் வாசிக்கிறாள். என் முன்னால் சிலேட்டை எடுப்பதில்லை. நான் அறைக்குள் போனால் வெளியே போகிறாள், வெளியே போனால் உள்ளே போகிறாள், சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறாள். ஊர்க்காரர்களுக்கு இனிப் பயம் இல்லை. அடுத்த சனிக்கிழமையே நாற்காலிகள் வந்தன, தார்ப்பாய் வந்தது. நான் விரட்டப் போனேன். ஜெர்லின் பின்வாசலில் வந்து உட்கார்ந்து, முதலில் நின்றவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

அந்த நாற்காலியில் உட்காருகிற எல்லாருடைய கண்ணையும் அவள் பார்க்கிறாள். வரிசையில் வருகிறவர்களின் கண்ணை மட்டும்தான் பார்க்கிறாள். அது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதனால் இப்போது சனிக்கிழமை தோறும் முன்வாசலைப் பூட்டிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், வாழைத்தோட்டத்துப் பக்கம் கடைசி ஆளாக நிற்கிறேன். நகர்ந்து நகர்ந்து என் முறை வரும்போது நாற்காலியில் உட்கார்கிறேன். கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், குளவியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் கேட்கிறாள், எல்லைக்கல்காரனிடம் எப்படிக் கேட்டாளோ அதே முகத்தோடு, மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு. சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். எழுந்திருக்க மனசு வராது. அதற்குள் எனக்குப் பின்னால் யாராவது வந்து நின்றுவிடுகிறார்கள். போன வாரம் பிலோமி.

“மயினி, சொல்லி முடிச்சாச்சுல்லா?” என்றாள். “எழும்புங்க. எனக்கு அடுப்பில சோறு கிடக்கு.”